தொண்டிக் கடலின் பிஎச்: எண்ணோடு இன்னும் நாலு விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் அமிலமாகிறது, பவளப் பாறைகள் வெளுக்கின்றன என்ற செய்திகள் இப்போது தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. வரவேண்டியவைதான். மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் நம் வாசல் கடல்கள். ஆனால் அந்தச் செய்திகளில் பல நேரம் 'கடல்நீரின் பிஎச் இவ்வளவு' என்று ஓர் எண் மட்டும் தனியாக வந்து நிற்கிறது. (பிஎச் என்பது நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்.) எந்த வெப்பநிலையில் அளந்தது, எந்த அளவுகோலில், நாளின் எந்த நேரத்தில் எடுத்த நீர், எந்தப் பாட்டிலில் வைத்திருந்தது என்ற நாலு விவரமும் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துக் கடலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்ல முடியாது.

இதைச் செட்டிநாட்டிலிருந்து எழுதக் காரணம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல் மாணவர்கள் புராஜெக்டுக்காகத் தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் கரைகளுக்குப் போய்க் கடல்நீர் எடுத்து வருகிறார்கள். உழைப்பு உண்மையானது. ஆனால் ஒருவர் பேனா மீட்டரில் அளக்கிறார், ஒருவர் ஊருக்குக் கொண்டுவந்து மேசை மீட்டரில் அளக்கிறார், ஒருவர் இரண்டு நாள் கழித்து அளக்கிறார். ஆய்வேடு பைண்டு ஆகி அலமாரிக்குப் போய்விடுகிறது. ஓர் ஆண்டின் எண்ணை அடுத்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை. இத்தனை கல்லூரிகள் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்திருந்தால் பாக் விரிகுடாவுக்கு ஒரு நீண்ட பதிவு கைவசம் இருந்திருக்கும். இனியாவது அதைத் தொடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதற்கு என்னென்ன வேண்டும், எங்கெங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் கொடுக்க வேண்டுகிறோம்.

முதலில், நாம் தேடும் மாற்றம் எவ்வளவு சிறியது என்று பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் பிஎச் சராசரியாக 8.2-ஐ ஒட்டி இருந்தது. காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாவதால் இப்போது 8.1-ஐ ஒட்டி இருக்கிறது. பிஎச் என்பது மடக்கைக் கணக்கு என்பதால் இந்த 0.1 இறக்கத்துக்குப் பொருள், ஹைட்ரஜன் அயனி நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது என்பது. கடல்நீர் இன்றைக்கும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. ஏழுக்குக் கீழே போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே அலோஹா என்ற நிலையத்தில் 1988 முதல் ஏறக்குறைய மாதாமாதம் நீர் எடுத்து அளந்து வருகிறார்கள். அங்கே தெரியும் இறக்கம் ஆண்டுக்குச் சுமார் 0.002. பத்து ஆண்டுக்கு 0.02. நம் மாணவர் கையில் இருக்கும் பேனா மீட்டர் 0.05, 0.1 என்ற அளவுக்கே முன்பின்னாகக் காட்டும். பத்தாண்டு மாற்றத்தைப் போல இரண்டரை மடங்கு, ஐந்து மடங்கு பிழையுள்ள கருவியால் அந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாது.

அதற்காக மனம் தளர வேண்டாம். கடல் அமிலமாதலைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பு இரண்டு தரங்களை வகுத்திருக்கிறது. பிஎச்சில் 0.02-க்குள் பிழை இருந்தால் 'வானிலைத் தரம்'. 0.003-க்குள் இருந்தால் 'காலநிலைத் தரம்'. முதல் தரம், பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் நடப்பதைக் காட்டப் போதும். நல்ல மேசை மீட்டரும், நீரில் இறக்கி அளக்க ஒழுங்கான கண்ணாடி மின்முனையும் உள்ள எந்தக் கல்லூரியும் கவனமாகச் செய்தால் அதை எட்டலாம். இரண்டாவது தரத்துக்குத்தான் பெரிய ஆய்வகம் வேண்டும்.

இனி, தவறுகள். அதிகம் நடப்பது வெப்பநிலையில். மூடிய பாட்டிலில் இருக்கும் அதே கடல்நீரைச் சூடாக்கினால் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் பிஎச் ஏறத்தாழ 0.015 இறங்கும். கடலில் எதுவும் மாறியிருக்காது. கரைந்த கார்பன் சமநிலை வெப்பத்தோடு நகர்வதால் வரும் இறக்கம் அது. 25 டிகிரியில் அளந்ததையும் 30 டிகிரியில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 0.08 வித்தியாசம் வரும். இருநூறு ஆண்டுகளில் உலகக் கடலில் நடந்த மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட சமமான வித்தியாசம், ஏசி அறைக்கும் மின்விசிறி அறைக்கும் இடையில் வந்துவிடுகிறது! மீட்டரில் ஏடிசி என்ற தானியங்கி வெப்பநிலைத் திருத்தப் பொத்தான் இருக்கிறதே, அது சரிசெய்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். செய்யாது. அந்தப் பொத்தான் மின்முனையின் சரிவை, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு அது தரும் மின்னழுத்தத்தை, மட்டும் வெப்பநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்றால் 30 டிகிரியில் அது ஒரு மில்லிவோல்ட் அளவு கூடும். அதைத்தான் ஏடிசி கவனிக்கிறது. நீருக்குள் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. எனவே தண்ணீர்த் தொட்டி ஒன்றை 25 டிகிரியில் நிறுத்தி, பாட்டிலையும், பஃபரையும் (மீட்டரைத் திருத்த உதவும், பிஎச் தெரிந்த கரைசல்), மின்முனையையும் அதில் அரை மணி நேரமாவது வைத்து, அதே வெப்பநிலையில் அளக்க வேண்டும். கடலில் எடுத்த கணத்தின் வெப்பநிலையையும் தனியாகக் குறித்திருந்தால் பிற்பாடு கணக்கிட்டு அந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகலாம். கடலில் இருந்த வெப்பநிலை, அளந்த வெப்பநிலை என்று நோட்டில் இரண்டு எண் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவுகோல். கடையில் கிடைக்கும் 4, 7, 9.2 பஃபர் மாத்திரைகள் நல்ல தண்ணீருக்கு ஏற்றவை. அவற்றின் அயனி வலிமை, அதாவது கரைந்த அயனிகளின் செறிவு, கடல்நீரோடு ஒப்பிட மிகக் குறைவு. கடல்நீருக்கு அது ஏறக்குறைய 0.7. இந்தப் பஃபரில் திருத்திய மின்முனையைச் சட்டென்று உப்புநீரில் இறக்கினால், மின்முனையின் சந்திப்பில் மின்னழுத்தம் மாறி, எண் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். பொறுமை இழந்து ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி எழுதிவிடுவார்கள். போதாததற்கு, இந்தப் பஃபர்கள் தரும் எண்ணும், கடல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'மொத்த அளவுகோல்' எண்ணும் வேறு. இரண்டுக்கும் இடையே 0.1-க்கு மேல் வித்தியாசம் உண்டு. ஒரு செய்தியில் வரும் 8.2-உம் இன்னொரு செய்தியில் வரும் 8.1-உம் ஒரே நீராகவே இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, செயற்கைக் கடல்நீரில் கரைத்த, டிரிஸ் என்ற காரச் சேர்மத்தால் ஆன பஃபர். சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு சேர்ந்த உப்புக் கரைசலில், ஒரு கிலோ நீருக்கு 0.08 மோல் டிரிஸ், அதாவது 9.69 கிராம், 0.04 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற கணக்கில் செய்வது. உப்புத்தன்மை 35, வெப்பநிலை 25 டிகிரி என்றால் இதன் பிஎச் மொத்த அளவுகோலில் 8.09. மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் அவற்றைத் தூளாக எடை போட்டால் கணக்குத் தப்பும். முதலில் கரைசலாக்கி, செறிவைச் சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தலில் கண்டுபிடித்து, பிறகு அந்தக் கரைசலிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு கல்லூரி ஒரு லிட்டர் செய்து நிறைத்து மூடி வைத்தால் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் கொடுக்கலாம். எல்லோரும் ஒரே பஃபரைப் பார்த்து அளப்பதே பாதி வெற்றி.

மீட்டரில் பிஎச் எண்ணைப் படிக்காமல் மில்லிவோல்ட்டைப் படியுங்கள். முதலில் டிரிஸ், பிறகு கடல்நீர், மறுபடியும் டிரிஸ். இரண்டு டிரிஸ் அளவுக்கும் நடுவே அரை மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். அரை மில்லிவோல்ட் என்பது பிஎச்சில் ஏறக்குறைய 0.01. மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது; அது மின்முனையின் ஆயுளைக் குறைக்கும். வைத்திருப்பது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்; அளப்பதற்கு முந்தைய இரவு கடல்நீரில். சரிவு 95 விழுக்காட்டுக்குக் கீழே போன மின்முனையை மாற்றிவிடுங்கள். துடைக்கும்போது டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கண்ணாடிக் குமிழில் நிலைமின்சுமை ஏறிவிடும்.

யூவி நிறமாலைமானி இருக்கும் கல்லூரிகள் இன்னொரு படி மேலே போகலாம். எம்-கிரெசால் பர்ப்பிள் என்ற சாயத்தைச் சேர்த்து, 434, 578 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளந்து, 730-இல் அடிக்கோட்டைக் கழித்து விகிதத்திலிருந்து பிஎச்சைக் கணக்கிடும் முறை அது. மின்முனையின் ஊர்தல் இதில் இல்லை. சாயத்தில் கலந்திருக்கும் மாசு 0.02 வரை பிழை கொடுக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே குப்பிச் சாயத்தையே எல்லோரும் பகிர்ந்துகொண்டால் ஒப்பீடாவது கெடாது.

இப்போது பாட்டிலுக்கு வருகிறோம். எங்கள் அனுபவத்தில் மீட்டரைவிட அதிகம் காலை வாருவது பாட்டில்தான். கடலோரத்தில் வாங்கிய மினரல் வாட்டர் பாட்டிலைக் குடித்துவிட்டு அதிலேயே பாதி நிறைத்து, மூடி, வெயிலில் பேருந்தில் தேவகோட்டை வழியாகக் கொண்டுவந்தால், காரைக்குடியில் இறங்கும்போது அதில் இருப்பது தொண்டிக் கடல்நீர் அல்ல. மேலே இருக்கும் காற்றோடு கார்பன் டை ஆக்சைடு கொடுக்கல் வாங்கல் நடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவும் வாயு கசியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே உயிர் இருக்கிறது. மேற்பரப்புக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் உண்டு. வைரஸ்கள் அதைப் போலப் பத்து மடங்கு. அரைத்து வைத்த மாவு வெயில் காலத்தில் புளிப்பது மாதிரி, மூடிய பாட்டிலின் கதகதப்பில் அவை கரிமப் பொருளைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. கிலோவுக்கு 10 மைக்ரோமோல் கரைந்த கார்பன் கூடினாலே பிஎச் 0.02-ஐ ஒட்டி இறங்கும். பத்தாண்டில் கடல் செய்வதைப் பாட்டில் ஒரு மாலைக்குள் செய்து முடிக்கலாம்.

சரியான முறை இது. மூடி இறுக்கமாகப் பொருந்தும், தேய்த்த கண்ணாடி மூடியுள்ள 250 மி.லி. போரோசிலிகேட் பாட்டில் வேண்டும். நீரை மேலிருந்து ஊற்றக் கூடாது. நீர் எடுக்கும் கலத்திலிருந்து சிலிகான் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, குமிழி வராமல் மெதுவாக நிறைத்து, பாட்டில் கொள்ளளவுக்கு ஒரு மடங்காவது வழிய விட வேண்டும். குழாயைக் கிள்ளிப் பிடித்து எடுத்தபின், பிப்பெட்டால் 2.5 மி.லி. நீரை எடுத்துவிட்டால் விரிவடைய இடம் கிடைக்கும். அன்றே அளக்க முடியாதென்றால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைக் கொல்ல, பூரிதமான மெர்க்குரிக் குளோரைடு கரைசல் 50 மைக்ரோலிட்டர் விட்டு, மூடியில் வெற்றிடக் கிரீஸ் தடவித் திருகி அழுத்தி, ரப்பர் பட்டையால் கட்டி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மெர்க்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அளந்து முடித்த நீரைத் தொட்டியில் கொட்டவே கூடாது. தனிக் கேனில் சேர்த்து, நச்சுக் கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இதற்கு ஏற்பாடு இல்லாத கல்லூரி நஞ்சைத் தொடாமல், மீட்டரைக் கரைக்கே கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்குள் அளப்பதே நல்லது. ஃப்ரீசரில் உறைய வைப்பது மாற்றுவழி ஆகாது. உறையும்போது கார்பனேட் உப்பு படிந்து, உருகும்போது முழுதாகக் கரையாமல் நின்றுவிடும்.

சத்துப்பொருள் அளக்கும் நீருக்கு இதே பாட்டில் உதவாது. கண்ணாடியிலிருந்து சிலிக்கா கரையும் என்பதால் சிலிக்கேட்டுக்குப் பிளாஸ்டிக். நைட்ரேட், பாஸ்பேட்டுக்கு வடிகட்டி உறைய வைத்துக்கொள்ளலாம். சிலிக்கேட்டை உறைய வைக்காமல் குளிரில் வைக்க வேண்டும். ஒரே வாளியில் மொண்டு எல்லாவற்றுக்கும் பகிர்வதுதான் வழக்கம் என்றால், வாளி நீர் சத்துப்பொருளுக்கு ஆகும், வாயு சம்பந்தப்பட்ட எதற்கும் ஆகாது.

பிஎச் ஒன்றை மட்டும் வைத்துக் கடல்நீரின் கார்பன் வேதியியலைச் சொல்ல முடியாது என்பதும் செய்திகளில் விட்டுப்போகிறது. பிஎச், மொத்தக் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), கரைந்த கனிமக் கார்பன், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் என்ற நாலில் ஏதாவது இரண்டு தெரிந்தால், வெப்பநிலையும் உப்புத்தன்மையும் சேர்த்து மற்ற இரண்டையும் கணக்கிடலாம். பவளத்துக்கு முக்கியமான அரகோனைட் பூரிதநிலையும் (பவளம் எலும்புக்கூடு கட்டும் சுண்ணாம்புக் கனிமம் நீரில் கரையுமா, படியுமா என்று காட்டுவது) அதே கணக்கில் கிடைக்கும். நம்மால் முடிவது பிஎச்சும் காரத்தன்மையும். காரத்தன்மைக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பியூரெட்டும் போதும். அமிலத்தைக் கடல்நீருக்கு ஒப்பான உப்புக் கரைசலில் செய்துகொள்ள வேண்டும். முதலில் பிஎச் 3.5 வரை இறக்கி, காற்றை ஓடவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி, பிறகு சிறு சிறு அளவாக 3.0 வரை கொண்டுபோய், கிரான் என்ற நேர்கோட்டுக் கணக்கில் முடிவுப் புள்ளியைக் கண்டுபிடிப்பது. மெத்தில் ஆரஞ்சின் நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்தினால் பிழை பெரிதாகும். திறந்த கடலில் எதிர்பார்க்க வேண்டியது கிலோவுக்கு 2,300 மைக்ரோமோல் சுற்றுவட்டாரம். சரிபார்க்க, அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சன் உருவாக்கிய சான்றளித்த கடல்நீர்தான் உலகெங்கும் அளவுகோல். அதில் ஒரு பாட்டிலைக் கல்லூரிகள் கூடி வாங்கி, அதைக் கொண்டு நம் பெரிய கேன் கடல்நீர் ஒன்றுக்கு எண் கொடுத்து, அந்தக் கேனை அன்றாடச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்குக்குச் சிஓடூசிஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது, எக்செல்லிலேயே ஓடும். வாடைக் காலத்தில் பாம்பாறும் வெள்ளாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது முகத்துவாரத்தில் உப்புத்தன்மை வெகுவாக இறங்கும். 19-க்குக் கீழே போனால் வழக்கமாக எடுக்கும் கார்பன் சமநிலை மாறிலிகள் பொருந்தாது. நிரலில் வேறு தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடற்புல்லும் அலையாத்தியும் உள்ள இடங்களில் கரிமப் பொருளும் காரத்தன்மையில் பங்கு போடும் என்பதால் கணக்கிட்ட எண்ணை முழுதாக நம்பிவிட வேண்டாம்.

நேரத்தைச் சொன்னோம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கடற்புல் நிறைந்தது. பகலில் புல்லும் பாசியும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் ஏறி, பிற்பகலில் உச்சத்துக்கு வரும். இரவெல்லாம் சுவாசிப்பு மட்டும் நடப்பதால் விடிவதற்கு முன் அடிமட்டத்துக்கு இறங்கும். இத்தகைய ஆழமற்ற நீரில் ஒரே நாளுக்குள் 0.3 அளவுக்கு ஏறி இறங்குவது அதிசயமல்ல. காலை ஆறு மணிக்கு எடுத்தவரும் மாலை மூன்று மணிக்கு எடுத்தவரும் ஒரே நாளில் எதிரும் புதிருமான முடிவைச் சொல்லலாம். விடியற்காலை ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று என இரண்டு மாதிரி எடுப்பதே நியாயம். ஒன்றுதான் முடியும் என்றால் எப்போதும் விடியற்காலையே எடுங்கள்.

நுண்ணுயிர்ப் பக்கம் வரும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சோபெல் அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் வளர்ந்த கூட்டங்களை எண்ணி 'கடலில் உள்ள பாக்டீரியா இவ்வளவு' என்று எழுதுகிறார்கள். தட்டில் வளர்வது இருப்பதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. கடலில் மிக அதிகமாக உள்ள எஸ்ஏஆர்11 என்ற பாக்டீரியா வகையை 1990-இல் மரபணு வழியாகக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆயிற்று. தட்டு எண்ணிக்கைக்குக் கழிவுநீர் கலப்பைப் பார்ப்பது போன்ற தனிப் பயன் உண்டு. மொத்த எண்ணிக்கைக்கு, வடிகட்டிய ஃபார்மால்டிஹைடை 2 விழுக்காடு வரும்படி சேர்த்து நிலைப்படுத்தி, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாபி சாயமிட்டு, 0.2 மைக்ரான் கறுப்பு வடிதாளில் இழுத்து, ஒளிர் நுண்ணோக்கியில் பத்துப் பதினைந்து புலங்களில் குறைந்தது நானூறு செல்லாவது எண்ண வேண்டும். மரபணு ஆய்வுக்கு 0.22 மைக்ரானில் ஒரு லிட்டர் என்று புத்தகத்தில் இருக்கும். நம் கரையின் கலங்கல் நீரில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். 3 மைக்ரான் முன்வடிகட்டியும், கடந்த நீரின் அளவைக் குறித்துக்கொள்வதும் கட்டாயம். வடிதாளில் ஒட்டிய துகள்வாழ் நுண்ணுயிர்களை எறியாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிருமிநீக்கிய வெறும் நீரையும் அதே கருவியில் வடித்து வெற்று மாதிரி ஒன்று சேர்க்காவிட்டால், மரபணு பிரிக்கும் கிட்டில் இருந்த கிருமியைக் கடலில் இருந்ததாகச் சொல்ல நேரும். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பச்சைப் படலம் வரும் நாட்களில், 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிரி பெருகியபோது போல, ஆக்சிஜன் அளவும் உடனே எடுக்க வேண்டும். மீன் செத்து ஒதுங்கிய பிறகு எடுப்பதில் பயன் குறைவு.

பவளம் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட விரும்புகிறோம். வெளுப்பதற்குக் காரணம் அமிலமாதல் என்று சில செய்திகள் எழுதுகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் வெப்பம். வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வாரக்கணக்கில் நீடித்தால், பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி, நச்சு ஆக்சிஜன் உண்டாகி, பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் போகிறது, சாப்பாடும் போகிறது. இதை 'டிகிரி-வாரம்' என்ற கூட்டுக்கணக்கில் பார்ப்பார்கள்: நாலைத் தொட்டால் வெளுப்பு, எட்டைத் தொட்டால் சாவு என்பது பொதுவான எல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வெப்பநிலையை வைத்து இந்தியப் பவளத் திட்டுகளுக்கு எச்சரிக்கை தருகிறது. அமிலமாதல் செய்வது வேறு. கார்பனேட் அயனி குறைந்து, எலும்புக்கூடு கட்டும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. சூட்டில் தப்பிய பவளம் மறுபடி வளர வேண்டிய நேரத்தில் அந்த வளர்ச்சியை இது பிடித்து இழுக்கும். இரண்டு கேடுகளும் கூட்டாளிகள்தான். ஆனால் அளக்கும் கருவி வேறு, பருவம் வேறு. வெப்பத்துக்கு ஒரு மணிக்கொரு முறை பதியும் சிறு பதிவுக் கருவி போதும். வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்துக் கட்டாவிட்டால் ஆழமற்ற நீரில் வெயில் நேரே பட்டுக் கருவியே சூடாகிப் பொய் சொல்லும்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பவளத்தின் ஒரு துண்டைக்கூட மாதிரியாக உடைக்க வேண்டாம். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும். அரகோனைட்டைப் பற்றி மாணவருக்குச் சொல்லித்தரக் கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலே போதும். நம் வீட்டுச் சுவர்களில் பளபளக்கும் சுண்ணாம்பும் அதைச் சுட்டு எடுத்ததுதான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகுகிறது. கடலில் பவளம் பைகார்பனேட்டிலிருந்து எலும்புக்கூடு கட்டும்போதோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. இந்த இரண்டு சமன்பாட்டையும் பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் வசதி நம்மூரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மின்முனை என்றால் நாட்டிலேயே இவர்களைவிட யாரைக் கேட்பது? அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டிக் கரையிலேயே இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இந்த மூன்று இடத்தாரும் வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களும் ஒரு நாள் உட்கார்ந்து, தொண்டியில் ஒரு நிலையான இடத்தை ஜிபிஎஸ்ஸோடு முடிவு செய்து, மாதத்தில் ஒரே தேதியில் எந்தக் கல்லூரியின் முறை என்று அட்டவணை போட்டுவிட்டால் போதும். ஒருவருக்கும் ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் வேலை வராது. டிரிஸ் பஃபரும் சான்றளித்த கடல்நீரும் பொதுவில். மாதம் ஒரே நீரை இரண்டு ஆய்வகம் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். 0.02-க்கு மேல் வேறுபட்டால் காரணம் தெரியும்வரை அந்த மாத எண்ணைக் கேள்விக்குறியோடு வெளியிட வேண்டும். மறைக்கவோ திருத்தவோ கூடாது. எண்கள் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி ஒரு தாளில் திறந்து கிடக்க வேண்டும்.

ஆசிரியர் குழுவுக்கும் ஒரு கோரிக்கை. கடல்நீர் பற்றிய செய்தியில் பிஎச் எண் வந்தால், அளந்த வெப்பநிலை, அளவுகோல், மாதிரி எடுத்த மணி, எடுத்ததற்கும் அளந்ததற்கும் நடுவில் எந்தப் பாட்டிலில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற விவரங்களை ஆய்வாளரிடம் கேட்டு அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ஒரு வரிதான் கூடும். பதில் சொல்ல முடியாதவர் அடுத்த முறை குறித்துவைத்துக்கொண்டு வருவார்.

மாதிரி எடுப்பது முதல் கணக்கிடுவது வரை ஒரு பக்கக் குறிப்பும், களத்தில் நிரப்ப வேண்டிய படிவமும் தமிழில் தயாரித்து இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறோம். கேட்கும் கல்லூரிகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து உதவுங்கள். மாதாந்தர மாதிரியை வாடை ஓய்ந்து கலங்கல் தெளியும் தை மாதத்தில் தொடங்குவது சுலபம்.

இப்படிக்கு,
கடல்நீர் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி – தேவகோட்டை